கடலுக்குள் நீட்டிய ஈசானிய மூலை

ஜனவரி 20, திங்கள். திருப்பதி

பனி. மலை தெரியவில்லை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணிகள் இன்னும் ஈரம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி சிமெண்ட் ஏஜெண்ட் ஆபீசுக்குக் கொடுத்தது. சைட் குறிப்பு எழுதிக்கொள்ளச் சொல்லி சார் எனக்குக் கொடுத்தார். அதில் சொந்தக் கதை எழுதுவது சரியில்லை. தவிர, எங்கள் வீட்டில் யாரும் தன் நாளைத் தானே எழுதிவைத்ததில்லை. எழுதுகிற அளவுக்கு நமக்கு என்ன நடந்துவிட்டது என்று கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வாயால் சொல்ல வராததை எங்காவது வைக்க வேண்டும். அளவுகள் முன்பக்கத்திலிருந்து, மற்றவை பின்பக்கத்திலிருந்து. யாராவது பின்னாலிருந்து திறந்தால் அது என் தப்பில்லை.

புது வேலை. கடற்கரை.

ரூம்மேட்: "திருப்பதிக்கு ஏதுடி கடலு?"

ஜில்லாவைப் பிரித்தபோது இந்தப் பக்கம் வந்தது என்றேன். அப்படியென்றால் தரிசனத்துக்கு வந்தவர்கள் கடலில் குளித்துவிட்டுப் போகலாமே என்றாள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனால் குளிக்கலாம்.

வேலை இது: நாயுடுபேட்டையைத் தாண்டி, ஒரு மீனவர் குப்பத்துக்குத் தெற்கே, பழைய இறால் குஞ்சுப் பண்ணை. இறாலில் எல்லோரும் பணம் பார்த்த காலத்தில் கட்டியது. நோய் விழுந்து மூடிவிட்டார்கள். பண்ணை போனது, கடலைத் தடுக்கக் கட்டிய சுவர் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு மணற்கரையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பங்குனி ஆமை ஏறி முட்டையிடுகிற கரை. செலவு ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. அனுமதி வனத்துறை. டிராயிங் நாங்கள்.

சார்: "கட்டறதுக்குத்தான் எல்லாரும் வருவாங்க. எடுக்கறதுக்கு டிசைன் பண்றது நமக்கும் புதுசு. நீயே பண்ணும்மா அமுலு."

சரண், எதிர் மேஜை, டிராயிங் போடுபவன்: "இடிக்க எதுக்கு டிசைன்? ஒரு பொக்லைன், ஒரு பாக்கெட் பிரியாணி. முடிஞ்சிது."

வழக்கம்போல மாடிப்படி இறங்கும்போது பதில் கிடைத்தது.


ஜனவரி 22, புதன். சைட்

காற்று. உதட்டில் உப்பு. வெயில் இல்லாமலே கண் கூசுகிறது.

சவுக்குத் தோப்பு, இறால் குட்டை, மறுபடியும் சவுக்கு, பிறகு திடீரென்று கடல். சார், நான், குழி தோண்ட இரண்டு ஆட்கள்.

சுவர். கருங்கல் கட்டு, தலையில் கான்கிரீட். முன்னால் கொட்டிய பாறைகள் பாதி புதைந்திருக்கின்றன. நான் நினைத்ததைவிடப் பெரிது. சுவருக்கு முன்னால் மணலே இல்லை. அலை வந்து மோதி, மோதிய வேகத்தில் திரும்பும்போது அடிமணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. தெற்கே, சுவர் இல்லாத இடத்தில், அகலமான கரை. அடம்பங்கொடி ஊதாப் பூவோடு. இராவணன் மீசைப் புல்லின் முள்பந்துகள் உருண்டு உருண்டு. வடக்கே குப்பம். அங்கே கரை, எலி கடித்த துணி மாதிரி.

ஒன்று மட்டும் புரியவில்லை. சுவர் கரையோடு நேராக ஓடி, வடக்கு முனையில் மட்டும் திரும்பிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு லாரியை வரிசையாக நிறுத்துகிற நீளம். படகுத்துறையா? இல்லை. தண்ணீர் எடுக்கிற குழாய்? அது தெற்குப் பக்கம்.

சார் போனில் திசை பார்த்துவிட்டுச் சிரித்தார். "வடகிழக்கு. ஈசானியம்மா இது. வாஸ்துக்காகப் பெருக்கியிருக்கான் மனுசன்."

ஈசானியம் வளர்ந்தால் குடும்பம் வளரும், குறைந்தால் குடும்பம் குறையும். இந்தப் பக்கம் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. எங்கள் தெருவில் ஒண்ணரை சென்ட் வீட்டுக்கே காம்பவுண்டின் அந்த மூலையை ஒரு முழம் இழுத்துக் கட்டுவார்கள். ஆனால் கடலுக்குள் இழுத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்தக் கடலில் வருஷம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. போகிற மணலின் வழியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது அந்த மூலை. அதற்குத் தெற்கே இடுக்கில் கொஞ்சம் மணல் ஒதுங்கி நிற்கிறது. வடக்கே குப்பத்துக்குப் போய்ச் சேர வேண்டியது சேரவில்லை. சார் பாறையில் உட்கார்ந்து டீ குடித்தார். நான் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லெவல் கருவி வேறு சைட்டில். அதனால் இரண்டு குச்சி. ஒன்று கடல் பக்கம், ஒன்று கரைப் பக்கம். கடல் பக்கக் குச்சியின் தலையும் அடிவானமும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தைக் கரைப் பக்கக் குச்சியில் குறித்தால் கரை எவ்வளவு சரிகிறது என்று தெரிந்துவிடும். இன்னொரு குச்சியைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆட்கள் இருவரும் குழிக்குள். காலிக் கூடையோடு ஒரு அக்கா போனார். கேட்க வாய் வரவில்லை. பிறகு தெலுங்கில் ஆரம்பித்தேன். அவர் தமிழில் பதில் சொன்னார். குப்பத்தில் வீட்டுக்குள் தமிழ், சந்தையில் தெலுங்கு. எங்கள் ஊர் மாதிரியே. பாதி கூச்சம் அங்கேயே போய்விட்டது. பெயர் போலம்மா.

"இன்னாத்துக்கு இது? கடலுக்கு ஜாக்கெட் அளவு எடுக்கிறியா?"

"கரைக்குக்கா."

"எடு எடு. இறுக்கித் தெச்சிடாதே. மூச்சு உடணும் அது."

சாயங்காலம் வரை பிடித்தார். கை மாற்றவில்லை.

"முன்னல்லாம் வூட்டாண்டயே படகு இழுத்துப் போடுவோம். இப்போ அந்தத் தோப்பாண்ட. ஆம்பளைங்க வலைய தூக்கிக்கினு அம்மாந்தூரம் நடக்கறாங்க. முன்வரிசை வூடுங்கல்லாம் போச்சி."

"உங்க வீடு எந்த வரிசைக்கா?"

"ரெண்டாவது வரிசை. இப்போ நாங்கதான் முன்வரிசை."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.


ஜனவரி 23, வியாழன். சைட்

சார் நாயுடுபேட்டை லாட்ஜில். நான் போலம்மாக்கா வீட்டில். ராகிக் களி, நெத்திலிக் குழம்பு. "துன்னு, இன்னும் துன்னு" என்று மூன்று முறை.

விடிந்ததும் கரைக்கு. இடுக்கில் ஒதுங்கிய மணலில் ஒரு தடம். டிராக்டர் டயர் போன மாதிரி, இரண்டு பக்கமும் துடுப்புக் குறி. ஆமை. கடலிலிருந்து நேராக ஏறியிருக்கிறது. சுவரில் முட்டி, வலப்புறம் திரும்பி, சுவரை ஒட்டியே போய், மூலையின் சுவரில் மறுபடி முட்டி, அங்கே ஒரு சுற்று. பாதி தோண்டிய குழி ஒன்று. குழிக்குள் செம்மண். பண்ணைக்காரர்கள் சுவருக்குப் பின்னால் நிரப்பியது, விரிசல் வழியே கசிந்து வந்து இறுகிவிட்டது. விட்டுவிட்டுத் திரும்பக் கடலுக்கே போயிருக்கிறது. முட்டை இல்லை.

போலம்மாக்கா: "போன வாரமும் ஒண்ணு. மூலையில மாட்டிக்கினு சுத்திக்கினே இருந்திச்சி. எங்க வூட்டுக்காரரு தூக்கினு போயி தெக்கால உட்டாரு. ஒரு நன்றி சொல்லல, மூஞ்சில மண்ண வாரி அடிச்சிட்டுப் போச்சி."

தடத்தை அளந்தேன். எதற்கென்று தெரியவில்லை. டிராயிங்கில் எங்கும் வராது.

சோதனைக் குழி: அஸ்திவாரம் நினைத்ததைவிட ஆழம். குழியில் தண்ணீர் ஊறியது. தலையை மட்டும் வெட்டிவிட்டு அடியைப் புதைத்துவிடலாம் என்று ஆட்களில் ஒருவர். கூடாது. இரண்டு பருவமழை போனால் அது மறுபடி தலைகாட்டும். எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

சத்தமாகவே சொன்னேன். சார் திரும்பிப் பார்த்தார்.


ஜனவரி 25, சனி. திருப்பதி

மேகம். ஆபீசில் ஃபேன் போடவில்லை. நாள் முழுக்க டிராயிங்.

முடிவானவை:

— வேலை ஜூனில் ஆரம்பம். ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போன பிறகு. ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டும்.

— பொக்லைன் சுவருக்குப் பின்னாலிருந்து மட்டும். கடல் பக்க மணலில் சக்கரம் இறங்கக் கூடாது.

— அஸ்திவாரம் முழுவதும்.

— செம்மண் லாரியில் வெளியே. பின்னால் மணல் மட்டும்.

— சரிவு: தெற்குக் கரை எப்படியோ அப்படியே. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்துக் கரையைப் பார்த்துக் காப்பி அடித்தேன். காலேஜில் ஒரு முறைகூடக் காப்பி அடிக்காதவள்.

— அடம்பு, இராவணன் மீசை. நட்டுவிட்டு ஆடு வராமல் பார்க்க ஆள்.

— ஈசானிய மூலை முதலில். மணல் வழி திறந்தால் மற்ற வேலை நடக்கும்போதே வடக்கே சேர ஆரம்பிக்கும்.

சரண் டிராயிங்கை ஃபிரேமில் ஏற்றினான். வலது கீழ் மூலையில் சிறு கட்டங்கள். அதில் 'வடிவமைப்பு' என்ற இடத்தில் எப்போதும் சார் பெயர்தான் இருக்கும். இன்று: மு. அமுலு.

"சார் போடச் சொன்னாரு. ட்ரீட் எப்போ?"

பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு நைனாவுக்கு போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. பின்னால் யாரோ, "இன்னா முனிரத்தினம், பொண்ணு பெரிய இஞ்சினீரா?" நைனா: "இன்னான்னு நெனச்சே?"


ஜனவரி 28, செவ்வாய்

வீடியோ மீட்டிங். நிலத்துக்காரரின் மகன், அமெரிக்காவிலிருந்து. பண்ணை கட்டிய அப்பா இல்லை, காலமாகிவிட்டார். மகன் மரியாதையான மனிதர். எல்லாவற்றுக்கும் சரி, சரி. கடைசியில்:

"ஒண்ணே ஒண்ணு. அந்த நார்த் ஈஸ்ட் கார்னர் மட்டும் இருக்கட்டும். அம்மா ஒத்துக்க மாட்டாங்க. நிலம் அவங்க பேர்ல."

சார் என்னைப் பார்த்தார். நான் பேசினேன். மணல் எப்படி வடக்கே போகிறது, மூலை எப்படி மறிக்கிறது, சுவரெல்லாம் போய் மூலை மட்டும் நின்றால் கடலுக்குள் தனியாக ஒரு அணை மாதிரி நிற்கும், குப்பத்துக்கு ஒரு கைப்பிடி மணல்கூடப் போகாது. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

மைக் மூடியிருந்தது.

அவர் ஏற்கெனவே பை சொல்லிவிட்டார். சரண்: "சூப்பர் ஸ்பீச். எனக்கு மட்டும் கேட்டுச்சி."

பிறகு நானே சாரின் ரூமுக்குப் போய், அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.


ஜனவரி 30, வியாழன்

நல்ல வெயில். அலிபிரி போகும் வழியில் வீடு. கேட்டுக்கு வெளியே மலைக்கு நடந்து ஏறப் போகிறவர்களின் "கோவிந்தா" விடாமல் கேட்கிறது.

அந்த அம்மா பெயர் ராஜேஸ்வரம்மா. பிறந்த ஊர் புத்தூர் பக்கமாம், தமிழ் நன்றாக வருகிறது. ஹாலில் இரண்டு கடிகாரம். ஒன்று நம் நேரம், ஒன்று பிள்ளை நேரம். காபி வந்தது. அவருக்கு எந்தப் பீங்கான் கப்போ எனக்கும் அதே கப். கவனித்தேன். இதைக் கவனிக்கிற பழக்கம் எனக்கு எப்போது போகுமோ.

மைக் மூடிக்கிடந்தபோது பேசியதை, முட்டையிடாமல் திரும்பிப் போன ஆமையையும் சேர்த்து, மறுபடி பேசினேன். அந்த அளவுக்கு நன்றாக வரவில்லை. கடைசி வரை கேட்டார். பிறகு:

"அம்மாயி, என் பிள்ளைக்கு வீசா ரெண்டு தடவை போச்சி. திண்டில தலய சாச்சி அழுதான். எங்க வீட்டுக்காரரு பண்டிதரக் கூட்டினு போயி நெலத்தக் காட்டினாரு. ஈசானியம் கம்மியாயிருக்குதுன்னு சொல்லிட்டாரு. கயிறு போட்டு அளந்து, கடலுக்குள்ள கல்லு எறக்கினாங்க. மூணாவது தடவ ஸ்டாம்ப் ஆச்சி. பண்ணை போச்சி, பணம் போச்சி, அவரும் போயிட்டாரு. பிள்ளை மட்டும் நின்னான். இப்போ அந்த மூலையை வெட்டுன்னு நான் எப்பிடி சொல்வேன்?"

சரண் சொல்லிக்கொடுத்த ஒரு வாஸ்து வாதம் கையில் இருந்தது. அதையும் போட்டுப் பார்த்தேன். "ஈசானியத்துல பாரம் இருக்கக் கூடாதுன்னும் சொல்வாங்களேம்மா. அங்க அவ்ளோ கல்லு இருக்குதே."

"அது வீட்டுக்கு. நான் இதெல்லாம் பண்டிதர்கிட்ட கேக்காமலா இருப்பேன்?" சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நம்பாததை வைத்து வாதாடப் போனால் இப்படித்தான்.

கிளம்பும்போது கேட்வரை வந்தார்.

"ஒண்ணு பண்ணு. காணிப்பாக்கம் வா என்னோட. விநாயகசாமி முன்னால சத்தியம் பண்ணு, மூலையை எடுத்தா என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. நீ சத்தியம் பண்ணா நான் கையெழுத்துப் போடறேன்."

புதன்கிழமை என்று அவரே சொல்லிவிட்டார். காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்தால் சாமி சும்மா விடாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.


ஜனவரி 31, வெள்ளி

சார்: "அவ்ளோதானே? பண்ணிடும்மா. அமெரிக்காவுல இருக்கறவனுக்கு என்ன ஆகப்போகுது?"

சரண்: "ஒரு பொய், நூறு ஆமை. கணக்குப் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். அதுதான் கஷ்டம். கணக்கு அவன் பக்கம்தான் வருகிறது.


பிப்ரவரி 2, ஞாயிறு. ஊர்

சத்தியவேடு பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஃபேக்டரி ஷிப்ட் முடிந்தவர்கள். பாதிப்பேர் நின்றுகொண்டே தூக்கம். தம்பியும் அப்படித்தான் தினமும் வருகிறான்.

மாமரத்தில் பூ. நைனா மருந்து தெளித்துவிட்டு வந்தார், கை நாற்றம். அரசாங்கம் கொடுத்த அந்த ஒரு ஏக்கரில் அவருக்குத் தெரியாத இலை கிடையாது.

"உம் பேரு போட்ட பிளானு ஒண்ணு குடு. லேமினேசன் பண்ணி சாமி படத்தாண்ட மாட்டறேன்."

அம்மா: "கல்யாணப் பத்திரிகையில போட வேண்டிய பேரு. செவுரு இடிக்கற பிளான்ல போட்டு மாட்டறாராம், கேளு இந்த அநியாயத்த."

"பத்திரிக எல்லார் வூட்லயும் அடிக்கறாங்க. பிளானு அடிக்கறாங்களா?"

ஆணி கூட அடித்து வைத்துவிட்டார். சாமி படத்துக்கு வலப்புறம், வெறும் ஆணி.

காணிப்பாக்கம் விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னேன். என்ன செய்யட்டும் என்று கேட்கவில்லை. நைனா வெற்றிலையை மடித்துக்கொண்டே: "என்னிய ஏன் பாக்கறே? நான் அங்க ஒரு தபா சத்தியம் பண்ணிட்டு, இன்னிக்கி வரைக்கும் கல்யாண வூட்டுல கூட கலர்தான் குடிக்கிறேன். அல்லாரும் சிரிக்கறானுங்க."

குடிக்க மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தபோது நான் ஆறாவது. அந்த வருஷத்திலிருந்துதான் என் ஸ்கூல் பை கிழிந்தால் புதுப் பை வந்தது. காணிப்பாக்கத்தில் சொன்ன ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் இன்னும் நிற்கிறது. அதன் மேல்தான் நான் நிற்கிறேன். அதே இடத்தில் போய் நான் எப்படி.

முடிவு செய்துவிட்டேன். நைனாவிடம் சொல்லவில்லை.


பிப்ரவரி 4, செவ்வாய்

சாரிடம் சொன்னேன், பொய்ச் சத்தியம் முடியாது என்று. கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டம்.

"அமுலு, உக்காரு. வர திங்கக்கிழமை டிராயிங் போகணும். போனாத்தான் டெண்டர் ஆகி ஜூன்ல வேலை நடக்கும். அந்தம்மா மொத்தமாவே வேணாம்னுட்டா என்ன பண்ணுவே? முழுச் சுவரும் நிக்கும். மூலை மட்டும் நின்னா, மத்த கரை கெடைக்குதில்ல? ஒண்ணுமில்லாததுக்குப் பாதி மேல்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன். பாதிக் கரையில் ஆமை ஏறும். அதை நான் மறுக்கவில்லை.

"பாதி இல்ல சார். தெக்குப் பாதி. வடக்கே போலம்மாக்கா வீடு இருக்குது. ரிப்போர்ட்ல கரை மீட்டாச்சுன்னு எழுதுவோம். அவங்க வீட்டுக்கு முன்னாடி கடல் கடிச்சிக்கினே இருக்கும்."

கிழமைக்கு ஒரு வார்த்தை பேசுபவள் என்று என்னைச் சொல்வார்கள். சார் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு: "ரெண்டு டிராயிங் போடு. ஏ — மூலை இல்லாம. பி — மூலையோட. திங்கக்கிழமை காலையில அந்தம்மா என்ன சொல்றாங்களோ அது போகும்."

ஏ தயார். பி-யை இன்று ஆரம்பித்தேன். மூலையைச் சுற்றிப் பாறை அடுக்கி, சாய்வாக்கி, அலையின் வேகத்தைக் குறைத்து, முடிந்ததையெல்லாம் செய்தேன். கணக்கில் மணல் வடக்கே போகவில்லை. கடலுக்குள் நீட்டியது நீட்டியதுதான்.


பிப்ரவரி 5, புதன். காணிப்பாக்கம்

காலையில் குளிர், போகப்போக வெயில். ராஜேஸ்வரம்மாவின் கார். டிரைவர், அவர், நான். வழியில் மாந்தோப்பு, ஜூஸ் ஃபேக்டரி, கரும்பு லாரி. அவர் கையில் தேங்காய்ப் பை. நான் முன் சீட்டில் உட்காரப் போனேன், பின்னால் தன் பக்கத்தில் வரச் சொன்னார்.

குளத்தில் ஒருவர் முங்கி எழுந்து நடுங்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். அண்ணன் தம்பி தகராறு போல. ஒரு பெண்: "பொய்யி சொல்லிட்டுப் போ பாக்கலாம், வீடு போய்ச் சேருவியான்னு பாப்போம்."

தரிசனம் ஆனது. வெளிப்பிரகாரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். "சொல்லு" என்றார்.

சொன்னது இதுதான், நினைவிருக்கிறபடி:

"அம்மா, எனக்குத் தெரிஞ்சதுக்கு மட்டும் சத்தியம் பண்றேன். அந்த மூலை நிக்கற வரைக்கும் வடக்குப் பக்கம் மணல் சேராது. இதுக்குச் சத்தியம். மூலைய எடுத்தா மணல் போறதுக்கு வழி கெடைக்கும். இதுக்கும் சத்தியம். எவ்ளோ நாள்ல சேரும்னு தெரியாது. உங்க பிள்ளையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கு நான் சத்தியம் பண்ண முடியாது."

கற்பூரப் புகை. யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம். சாமிக்குப் பயந்து மறுத்தேனா, கணக்குக்குப் பயந்து மறுத்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ மூலை இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் பாதித் தூரம் கடந்தோம். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே:

"நீ சும்மா சரின்னு சொல்லியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

"தெரியும்மா."

இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு: "அந்த ஆமை. திரும்பிப் போனதுன்னியே. அது மறுபடி அங்கயே வருமா?"

"பொறந்த கரைப் பக்கந்தான் வரும்னு சொல்றாங்க. எங்க பொறந்து எங்க போனாலும்."

வீட்டு வாசலில் இறங்கியதும் தேங்காய் மூடி ஒன்றை என் கையில் வைத்தார். "ஞாயித்துக்கெழம பிள்ளை போன் பண்ணுவான். பேசறேன். எதுவும் சொல்ல மாட்டேன் இப்போ."

தேங்காயை ஹாஸ்டலில் சட்னி அரைத்தார்கள். நான் சாப்பிடவில்லை.


பிப்ரவரி 6, வியாழன்

போலம்மாக்கா போன். குரலுக்குப் பின்னால் காற்று.

"இன்னாம்மா ஜாக்கெட்டு, தெச்சி முடிச்சிட்டியா?"

ஒரு இடத்தில் துணி பற்றவில்லை என்றேன். எந்த இடம் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். பௌர்ணமி வந்தால் அலை ஏறும், வீட்டுச் சாமானைத் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைக்கப் போவதாகச் சொன்னார். மழைக்குக் குடை எடுத்துப் போவதைச் சொல்வது மாதிரி.

பி டிராயிங் முடிந்தது. பார்க்க அழகாக இருக்கிறது. அதுதான் பயம். தெற்குக் கரை முழுக்கப் பச்சைக் கோடு, அடம்பு, சரிவு, எல்லாம் சரி. குப்பம் தாளுக்கு வெளியே. அளவை மாற்றி, குப்பமும் தெரிகிற மாதிரி தாளைப் பெரிதாக்கினேன். முன்வரிசை வீடுகளைக் கட்டம் கட்டமாகப் போட்டேன். பார்க்கிறவர் பார்க்கட்டும்.

சரண் எதுவும் கிண்டல் செய்யவில்லை. வீடுகளுக்கு அவனே கறுப்பு நிறம் கொடுத்தான்.


பிப்ரவரி 7, வெள்ளி

பனி விலகிவிட்டது. ஜன்னலில் மலை, படி ஏறும் பாதையின் கூரைகூடத் தெரிகிறது.

இரண்டு டிராயிங்கும் பிரிண்ட் எடுத்து சார் மேஜையில் வைத்தோம். சார் நின்றபடியே பார்த்தார். ஏ-யில் கொஞ்ச நேரம், பி-யில் அதிக நேரம். குப்பத்து வீடுகள் மேல் விரலை வைத்து எண்ணினார். பிறகு வலது கீழ் மூலையைத் தட்டி, "ரெண்டுலயும் உன் பேருதான். நைனாவுக்கு ஒரு காப்பி எடுத்துக்கோம்மா. எது போனாலும் நீ பண்ணது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

நான் போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். இந்த ஆபீசில் சேர்ந்ததிலிருந்து சாரிடம் நானாக எதுவும் கேட்டதில்லை. சம்பளம் ஏற்றச் சொல்லிக் கேட்டதில்லை. தீபாவளிக்கு ஒரு நாள் கூடுதல் லீவுகூடக் கேட்டதில்லை. இதையும் காணிப்பாக்கத்திலிருந்து வந்த அன்றே கேட்டிருக்கலாம். ஊரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆணி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

சார் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"சார், ஒண்ணே ஒண்ணு. திங்கக்கிழமை ஏ போச்சின்னா என் பேரு இருக்கட்டும். பி போச்சின்னா எடுத்துடுங்க சார். நைனாவுக்கு நான் சொல்லிக்கறேன்."